வம்சச் சீட்டும் வளர்ப்பவர் நாணயமும்

பூனையை விலை கொடுத்து வாங்குவது நம் பாட்டிமார் கேள்விப்படாத செய்தி. பூனை தானாக வந்து சேரும். குதிரில் சோளமும் அதைத் தின்ன எலியும் இருக்கும்வரை தங்கும். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இன்று நிலைமை வேறு. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நடுத்தரக் குடும்பங்கள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பெர்சியன் பூனைக்குட்டி வாங்குகின்றன. வாங்குவதில் தவறொன்றும் இல்லை. குழந்தைகளுக்கு மகிழ்ச்சி, பெரியவர்களுக்கும் பொழுதுபோக்கு. ஆனால் எதைப் பார்த்து வாங்குகிறார்கள், எதைப் பாராமல் விடுகிறார்கள் என்பதைக் கவனித்தால் சில செய்திகளை வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது.

விற்பவர்கள் குட்டிகளை முகத்தை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். மூக்கு ஓரளவு நீண்டிருந்தால் ‘டால் ஃபேஸ்’, சற்றுச் சப்பையாக இருந்தால் ‘செமி பஞ்ச்’, முகத்தில் குத்து விட்டாற்போல முழுக்க அமுங்கியிருந்தால் ‘பஞ்ச் ஃபேஸ்’. மூக்கு எவ்வளவுக்கு உள்ளே போகிறதோ அவ்வளவுக்கு விலை மேலே ஏறும். வாங்குபவர் கேட்பவை பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: என்ன விலை, ஆணா பெண்ணா, ‘ஒரிஜினல்தானுங்களா?’ மூன்றாவது கேள்விக்கு ‘ஆமாங்க’ என்பதைத் தவிர வேறு விடையை எந்த வியாபாரியும் சொல்லப் போவதில்லை.

‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்குத்தான் என்ன பொருள்? பெர்சியன் என்றால் பாரசீகத்துப் பூனை என்று நாம் எண்ணுகிறோம். உலகின் பல பகுதிப் பூனைகளின் ஜீன்களை ஒப்பிட்டு 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இன்றைய பெர்சியன் பூனை மேற்கு ஆசியப் பூனைகளைவிட மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டியது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் நூறாண்டுகளுக்கு மேலாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததால் உண்டான இனம் அது. ஆகவே ஓர் இனம் என்பது ஊரின் பெயரன்று. பல தலைமுறைகளாக மனிதர் செய்த தேர்வுகளின் கணக்கு. அந்தக் கணக்கை எழுதியவர் யார், நேர்மையாக எழுதினாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்கக் கொங்கு நாட்டாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாட்டு விஷயத்தில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்ததுதான் அது.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு மறைந்து சாம்பல் நிறம் வரும். வளர்ந்த காளைக்குத் திமிலிலும் உடலின் முன்புறம், பின்புறங்களிலும் கருமை படரும். மயிலை, செவலை, காரி என்றெல்லாம் நாம் பெயரிட்டு அழைக்கும் வேறுபாடுகள் எல்லாம் பின்னால் தெளிவாகுபவை. எனவே பால்குடிக் கன்றின் தோற்றத்தை மட்டும் நம்பி யாரும் பணம் எண்ணுவதில்லை. ‘தாய் எதுங்க? எந்தக் காளைக்கு விட்டீங்க?’ என்பதுதான் முதல் கேள்வி. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையிலும் கண்ணபுரம் சந்தையிலும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை வெளியூரார் வேடிக்கை பார்ப்பார்கள். விரலைப் பிடிக்கும் முன்பே பல்லும் குளம்பும் நடையும் பார்த்து முடிந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

காங்கேயம் இனத்தைப் பற்றி எழுத வந்தவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. ஓசூர்க் கால்நடைப் பண்ணையில் பணியாற்றிய லிட்டில்வுட் 1936-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலும், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1953-இல் வெளியிட்ட இந்திய, பாகிஸ்தான் மாட்டினங்கள் பற்றிய நூலும் அந்த மந்தைக்கு இடம் தந்திருக்கின்றன. பழையகோட்டைக் காளை என்றால் தனி மதிப்பு. அந்த மதிப்பு எதனால் வந்தது என்று ஆராய்ந்தால் பூனை வாங்குபவருக்கும் பாடம் இருக்கிறது. கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருக்கும் மேய்ச்சல் நிலத்தில், தாயும் மகளும் பேத்தியும் கண்ணெதிரே மேயும். மேற்கோள் காட்டத் தேவையில்லை. வேலி ஓரத்தில் நின்று பார்த்தாலே போதும். வாங்கிய காளை நொண்டினால், அதன் கன்றுகள் சோடை போனால், அந்தச் செய்தி அடுத்த சந்தைக்குள் நாடெங்கும் பரவிவிடும். வளர்ப்பவர் ஊரை விட்டு ஓடமுடியாது.

இவை இரண்டைக் காட்டிலும் வலிமையான மூன்றாவது காவல் ஒன்று இருந்தது. அது உழைப்பு. கவலை இறைத்த காலத்தில் காளைகள் கிணற்றுச் சரிவில் இறங்கியும் பின்னோக்கி ஏறியும் நாள் முழுவதும் நீர் இழுத்தன. மூச்சு வாங்கும் காளை, மூட்டு வலுவில்லாத காளை, வெயில் தாங்காத காளை அந்தச் சரிவில் முதல் வாரமே அகப்பட்டுக்கொள்ளும். கவலையும் வண்டியும் ஏரும் காங்கேயம் காளைக்கு வைத்த தேர்வில் தேறாதவை பொலிகாளையாக நின்றதில்லை. விற்பவர் பொய் சொன்னாலும் தேர்வாளர் பொய் சொல்லமாட்டார்.

நம் பழைய முறையை முழுக்கப் புகழ்வதற்கும் இடமில்லை. சுழி பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுபூரான் இருந்தால் வீட்டில் செல்வம் ஏறும், இறங்குபூரான் என்றால் இறங்கும், பெண்டிழந்தான் சுழி வாங்கியவன் மனைவியைத் தூக்கிக்கொண்டு போகும் என்று சொல்லி நல்ல மாடுகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறோம். தோலில் மயிர் முளைக்கும் திசைக்கும் மாட்டின் மூட்டுக்கும் மூச்சுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் மெய்ப்பித்ததில்லை. மனைவியின் ஆயுளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆயினும் சுழி பார்த்தவர்கூட மாட்டை நடக்கவிட்டும் பார்த்தார். பஞ்ச் ஃபேஸ் பார்ப்பவர் முகத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பஞ்ச் ஃபேஸ் நம் காலத்துச் சுழி. ஒரு வேறுபாடு உண்டு: சுழி மாட்டுக்குத் தீங்கு செய்வதில்லை.

பூனைக்கு இப்படிப்பட்ட தேர்வு எப்போதும் வைக்கப்பட்டதில்லை. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் ஹாரிசன் வெயர் என்ற ஓவியர் பெரிய பூனைக் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தார். தெருவில் உதைபட்டுத் திரிந்த பூனைக்கு மதிப்பு ஏற்படுத்த வேண்டும் என்பது அவருடைய நோக்கம். எந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று மதிப்பெண் முறையும் வகுத்தார். 1887-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசியப் பூனைச் சங்கத்துக்கு முதல் தலைவரும் அவரே. சில ஆண்டுகளில் அவர் மனம் நொந்து விலகினார். உறுப்பினர் பலருக்குப் பூனையின் நலனைவிடப் பரிசு வாங்குவதே பெரிதாகிவிட்டது என்பது அவருடைய குறை. அவர் காலத்துப் படங்களில் உள்ள பெர்சியன் பூனைக்கு நல்ல மூக்கு இருக்கிறது. பிறகு வந்த நடுவர்கள் சற்றுச் சப்பையான முகத்துக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். வளர்ப்பவர்கள் இன்னும் சப்பையாக்கினார்கள். எங்கே நிறுத்துவது என்று சொல்லக் கவலைச் சரிவு எதுவும் அங்கே இல்லை.

முகம் சுருங்கினால் உள்ளே இருப்பவையும் இடம் மாற வேண்டும். கண்ணீரை மூக்குக்குள் கொண்டுசெல்லும் குழாய் வளைந்து நெரிகிறது. கண்ணீர் கன்னத்தில் வழிந்து கறை படிகிறது. இதைத்தான் ‘பெர்சியன் என்றால் கண்ணில் நீர் வருமுங்க, தினமும் துடைச்சு விடுங்க’ என்று இனத்தின் இயல்பு போலச் சொல்லி விற்கிறார்கள். தாடைகள் பொருந்தாமல் பற்கள் கோணுகின்றன. மூக்குத் துளைகள் குறுகி மூச்சு இரைகிறது. பூனை நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பெரும் வெப்பத்தில் அதற்கு உள்ள வழிகள் மயிரை நக்கி ஈரப்படுத்துவதும், முற்றினால் வாயைத் திறந்து இரைப்பதும்தான். அடர்ந்த மயிரும் அடைத்த மூக்கும் கொண்ட விலங்குக்குக் கோவையின் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கிணற்றுச் சரிவில் வெளிப்பட்டிருக்கும் குறை, சோபாவின்மேல் ‘அழகு’ என்று பெயர் பெறுகிறது. குறட்டை விடும் பூனையைப் படமெடுத்து நண்பர்களுக்குக் காட்டி மகிழ்கிறோம்.

காது மடிந்த ‘ஸ்காட்டிஷ் ஃபோல்ட்’ பூனைகளும் இப்போது விளம்பரங்களில் தென்படுகின்றன. 1961-இல் ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் கண்டெடுக்கப்பட்ட சூசி என்ற ஒரே பூனையிலிருந்து வந்தவை அவை. காதை மடக்கும் ஜீன் காதோடு நிற்பதில்லை. உடலெங்கும் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. கால், வால் மூட்டுகள் இறுகி வலி உண்டாகிறது. பிரிட்டனில் 1970-களிலேயே இதைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டார்கள். 2016-இல் அந்த ஜீனையும் அடையாளம் கண்டுவிட்டார்கள். பிற இனங்களில் நல்ல வளர்ப்பாளரைத் தேடலாம். இந்த இனத்தில் நோயே இனத்தின் அடையாளமாக இருப்பதால் தேடுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

பெர்சியனுக்கு வருவோம். அதன் முகத்தைவிடக் கவலைக்குரியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோய் இந்த இனத்தில் பரவியிருக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், சோதனைக்கு வந்த பெர்சியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் இது காணப்பட்டது. 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். ஒரு ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அந்த ஜீனின் கட்டளைப்படி உண்டாக வேண்டிய புரதம் முடிவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து இந்தப் பழுதான படி வந்தாலே நோய் வரும். பழுது உள்ள பூனைக்கும் பழுதற்ற பூனைக்கும் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இந்த நோயின் கொடுமை அதன் காலக்கணக்கில் இருக்கிறது. கட்டிகள் பிறவியிலேயே இருந்தாலும் மிகச் சிறியவை. ஆண்டுதோறும் மெல்ல வளர்கின்றன. பூனை மூன்று வயதிலிருந்து பத்து வயதுக்குள், சராசரியாக ஏழு வயதில்தான் நோய்க்குறிகளைக் காட்டுகிறது. நிறைய நீர் குடிக்கும், மெலியும், உண்ண மறுக்கும். அப்போது சிறுநீரகங்கள் பெரும்பாலும் அழிந்திருக்கும். குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் பெண் பூனையோ ஒரு வயதுக்கெல்லாம் குட்டி போடத் தொடங்கிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு ஒரு முறை நான்கு குட்டிகள் வீதம் ஐந்து முறை ஈன்றால் 20 குட்டிகள். அவற்றில் ஏறக்குறைய 10 குட்டிகள் பழுதோடு ஊரெங்கும் போய்ச் சேர்ந்தபின்தான் தாய் படுக்கும். விற்றவர் பொய்யர் என்று சொல்லவும் முடியாது. அவர் ‘தாய் நல்லா இருக்குதுங்க’ என்று சொன்ன நாளில் தாய் நன்றாகத்தான் இருந்தது.

இங்கேதான் மாட்டுக்கும் பூனைக்கும் உள்ள வேறுபாடு முழுமையாகப் புலப்படுகிறது. தாயைப் பார்த்து வாங்கு என்ற கொங்குப் பாடம் இங்கே பாதிதான் பயன்படும். நேர்ப்பார்வைக்கு எட்டாத குறையைச் சோதனைச்சாலைதான் காட்ட வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் அந்த ஒற்றை எழுத்து சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். அதற்கு வசதியில்லாதபோது, பத்து மாதம் கடந்த பூனைக்கு அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். தாய், தந்தை இரண்டுக்கும் இந்தச் சோதனையைச் செய்து, அந்தத் தாளைக் கேட்காமலே எடுத்துக் காட்டுபவர்தாம் நாணயமான வளர்ப்பாளர். மற்ற நற்குணங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான். சோதனை செய்துவந்த நாடுகளில் இந்நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதாவது இது விதியன்று, அக்கறையின்மை.

சரி, வம்சச் சீட்டு? ‘சர்ட்டிபிகேட் இருக்குதுங்க’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். நான்கு தலைமுறைச் சீட்டில் பெற்றோர் 2, அவர்களின் பெற்றோர் 4, அடுத்து 8, அடுத்து 16 என மொத்தம் 30 பெயர்கள் இருக்கும். வாங்குபவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறார், படிப்பதில்லை. படித்தால் பயனுண்டு. முப்பது இடங்களில் எத்தனை வெவ்வேறு பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரே ஆண் பூனையின் பெயர் நான்கு இடங்களில் வந்தால் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். சூவல் ரைட் என்ற அமெரிக்க அறிஞர் 1922-இல் இதற்குக் கணக்கு முறை தந்தார். உடன்பிறந்த இரண்டைச் சேர்த்தால் பிறக்கும் குட்டியில், எந்த ஒரு ஜீனின் இரு படிகளும் ஒரே முன்னோரின் ஒரே படியிலிருந்து வந்தவையாக இருக்க 100-க்கு 25 வாய்ப்பு. தகப்பனையும் மகளையும் சேர்த்தாலும் அதே 25. ஒளிந்து கிடக்கும் குறைகள் வெளிவருவதற்கு இதுவே வழி. (மேலே சொன்ன சிறுநீரக நோய்க்கு இது தேவையில்லை, அதற்கு ஒற்றைப் படியே போதும். இரண்டும் வெவ்வேறு ஆபத்துகள்.)

கொங்கு வேளாளரிடையே ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் எடுப்பதில்லை என்ற விதி நமக்குத் தெரியும். அது தந்தை வழியை மட்டும்தான் அடைக்கிறது. அக்காள் மகளைத் தாய்மாமனுக்குக் கொடுக்கும் வழக்கம் மறுபக்கக் கதவைத் திறந்துவிடுகிறது. அந்தத் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ரைட் கணக்குப்படி 12.5. அதுவே கூடாது என்று மருத்துவர்கள் எச்சரித்துக்கொண்டிருக்க, அதைப்போல் இரு மடங்கு நெருக்கத்தில் பூனைகளைச் சேர்த்து, ‘சாம்பியன் ரத்தம்’ என்று சீட்டில் அச்சடித்துப் பெருமைப்படுகிறோம்.

சீட்டைப் பற்றி இன்னொரு சந்தேகமும் நியாயமானதே. சீட்டில் உள்ள பூனையும் கையில் உள்ள பூனையும் ஒன்றுதானா? நம் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு வரும் உறைவிந்துக் குச்சியில்கூடக் காளையின் எண் அச்சாகியிருக்கிறது. அதுபோலப் பூனையின் தோலுக்கடியில் அரிசியளவு மைக்ரோசிப் வைத்து, அதன் 15 இலக்க எண்ணைச் சீட்டிலும் சோதனைத் தாளிலும் குறித்திருந்தால் சீட்டுக்கு மதிப்புண்டு. எண் இல்லாத சீட்டு வெறும் அச்சுத்தாள்.

வயதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் உயிர்ச்சேதம் மிகுதியாக நேர்வது இதனால்தான். நம் ஊர் விளம்பரங்களில் ‘45 நாள் குட்டி’ என்பது வழக்கமான சொற்றொடர். பிரிட்டனில் பூனைப் பதிவு நடத்தும் அமைப்பு 13 வாரங்களுக்கு முன் குட்டியைக் கொடுக்கக் கூடாது என்கிறது. 13 வாரம் என்றால் 91 நாள். நம் கணக்கில் சரிபாதிதான் ஆகியிருக்கும். இதன் காரணம் சீம்பாலில் இருக்கிறது. சீம்பாலின் வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குக் கிடைக்கின்றன. அவை சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். அவை மிகுதியாக உள்ளபோது தடுப்பூசி போட்டால், ஊசி மருந்தையே பகையென்று எண்ணி அழித்துவிடும், ஊசி பலிக்காது. முழுக்கக் குறையும்வரை காத்திருந்தால் இடையில் நோய் நுழைந்துவிடும். ஒவ்வொரு குட்டிக்கும் இந்த இடைவெளி வேறுவேறு நாளில் வருகிறது. ஆகையால்தான் ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

45 நாளில் தாயைப் பிரித்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, இரவுப் பஸ்ஸில் ஏற்றி ஈரோட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? தாய் தந்த காப்பு வற்றும் வேளை. ஊசியின் காப்பு இன்னும் வரவில்லை. அத்தோடு அச்சமும் பயணமும். பான்லூகோபீனியா எனப்படும் பூனை வைரஸ் நோய்க்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. தொற்றியபின் சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, கழிச்சல். வெள்ளணுக்கள் சரிந்து, இரண்டொரு நாளில் குட்டி இறந்துவிடும். விற்றவர் ‘நான் கொடுக்கிறப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க’ என்பார். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் பல மாதம் உயிர்ப்போடு கிடக்கும். அழுத குழந்தையைத் தேற்ற உடனே இன்னொரு குட்டி வாங்கி அதே அறையில் விட்டால் அதுவும் போகும்.

இவ்வயதுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம்வரை பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்கும் பருவம். அந்த நாட்களில் கூண்டில் கிடந்த குட்டி பிறகு எத்தனை கொஞ்சினாலும் மிரளும். எனவே குட்டிகள் வளரும் இடத்தை நேரில் பார்த்தாக வேண்டும். படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புவது வேண்டாம். வீட்டுக்கு வரவேண்டாம், பஸ் நிலையத்தில் வந்து தருகிறேன் என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். காட்டக் கூடாதது ஏதோ அவர் வீட்டில் இருக்கிறது. போனவர் மூக்கைப் பயன்படுத்த வேண்டும்: சிறுநீர் நெடி கண்ணைக் கரித்தால் பூனைகள் மிகுதி, ஆள் குறைவு. தாய்ப் பூனை மெலிந்து, மடி தொங்கி, அதற்குள் அடுத்த சூலோடு இருந்தால் அது பண்ணையன்று, ஆலை. தாய் மூச்சுவிடும் ஓசை தூரத்தில் இருந்தே கேட்கிறதா என்றும் கவனியுங்கள்.

பெர்சியன்களில் படர்தாமரைப் பூசணமும் சாதாரணம். நீண்ட மயிருக்குள் பூசணம் இருந்தும் பூனைமேல் ஒரு புண்கூடத் தெரியாமல் இருக்கலாம். குட்டியைக் கன்னத்தோடு அணைத்த குழந்தைக்கு இரண்டு வாரத்தில் வட்ட வட்டமாகத் தடிப்பு வரும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வீடு முழுவதும் சுத்தம் செய்து ஓய்ந்துவிடுவீர்கள்.

அரசு என்ன செய்கிறது என்று கேட்கலாம். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய மத்திய அரசின் விதிகள் 2017-இல் வந்தன. நாய் வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெண் நாய் 18 மாதத்துக்கு முன் ஈனக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. செல்லப் பிராணிக் கடைகளுக்கு 2018-இல் தனி விதிகள் வந்தன. ஆனால் வீட்டு மாடியில் பூனை பெருக்குபவருக்கு நாய் விதிகளைப் போன்ற வளர்ப்பு விதிகள் இல்லை. நாய்க்கு வேண்டியது பூனைக்கு வேண்டாமா என்ற கேள்விக்கு நியாயமான விடை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சோதனை, சிப், மூன்று மாத வளர்ப்பு, மூன்று தடுப்பூசி என்று சேர்த்தால் குட்டியின் விலை பெருகிவிடுமே, நடுத்தர வீட்டார் என்ன செய்வார்கள் என்பது நேர்மையான மறுப்பு. விலை பெருகத்தான் செய்யும். ஆனால் மலிவுக் குட்டியின் மீதி விலையை மருத்துவருக்குத் தவணையில் கட்டுகிறோம். அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கட்டுப்படியாகாதவருக்குத் தெருவில் பிறந்த நாட்டுப் பூனைக்குட்டி இருக்கவே இருக்கிறது. அதற்கு விலையில்லை, நல்ல மூக்கும் உண்டு. பல்லாயிரம் தலைமுறைகளாக எலி பிடித்தும், வெயிலில் திரிந்தும், தேறாதவை மாண்டும் வந்த வம்சம் அது. பூனைக்குக் கவலைச் சரிவு என்று ஒன்று உண்டென்றால் அது தெருதான். அதற்கும் தடுப்பூசி வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

காங்கேயம் மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்து, மோட்டார் பம்புகள் பெருகி, கவலை மறைந்தது. டிராக்டர் வந்து ஏரும் குறைந்தது. அந்த இனத்தைக் காத்த தேர்வாளர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது காளைகளுக்கு ரேக்ளாவும் அழகுப் போட்டியும் இருக்கின்றன. கொம்பின் வளைவுக்கும் திமிலின் உயரத்துக்கும் மட்டும் விலை ஏறத் தொடங்கினால், லண்டன் கண்காட்சியில் பெர்சியன் பூனை நடந்த பாதையில் நம் காளையும் நடக்க நேரும். இதை இப்போதே கவனிக்க வேண்டியவர்கள் கால்நடைத் துறையாரும் மந்தை வைத்திருப்பவர்களும்.

பூனைக்குத் திரும்பினால், நல்ல வளர்ப்பாளரின் இன்னோர் இயல்பு வாங்குபவருக்கு எரிச்சலூட்டுவது: அவர் நம்மைக் கேள்வி கேட்பார். வீடு சொந்தமா, பால்கனிக்கு வலை உண்டா, பகலில் யார் இருப்பார்கள், முன்பு வளர்த்த பூனை எப்படி இறந்தது என்று பெண் பார்க்க வந்தவர் போலத் துருவுவார். செல்லமாக வளர்க்க மட்டுமே தருகிறேன், கருத்தடை செய்துவிட வேண்டும் என்று எழுதியும் வாங்குவார். தொழிலில் போட்டி வந்துவிடும் என்ற பயம் என்று சிலர் இதற்குக் காரணம் கற்பிக்கிறார்கள். அப்படியும் இருக்கலாம், ஆனால் சோதனை செய்யாத பூனைகள் மாடி மாடியாகப் பெருகுவதைத் தடுக்க இன்றைக்கு நம்மிடம் உள்ள ஒரே ஏற்பாடு அந்த நிபந்தனைதான். ‘ஒரே ஒரு தடவை குட்டி போடட்டுமுங்க, வாங்கின காசாவது திரும்பட்டும்’ என்று பக்கத்துத் தெரு ஆண் பூனையை இரவல் கேட்கப் போகிறவர், முதலில் இரண்டு பூனைகளின் கன்னத்தையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பிவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்கட்டும்.